பாலாம்பாள் ஊற்றிய தண்ணீர்

கிங்ஸ்லியின் மகள் ஏழாம் மாதத்திலேயே பிறந்து, பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். பொழுது சாயும்வரை தாங்காது என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். எங்கள் கடற்கரை ஊர்ப் பங்குச் சாமியார் தியானத்துக்குப் போன இடத்தில் போனை அணைத்து வைத்திருந்தார். உபதேசியாரான என்னையோ உள்ளே விடவில்லை. ஊருக்கெல்லாம் செபம் சொல்லிக்கொடுக்கிறவன் ஒரு கதவைத் தாண்ட முடியாமல் நின்றேன். பற்றிக்கொண்டு வந்தது.

சாகக்கிடக்கும் பிள்ளைக்கு யார் வேண்டுமானாலும் ஞானஸ்நானம் கொடுக்கலாம். கொடுக்கிறவர் கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. உள்ளே இருந்த நர்ஸ் பாலாம்பாள், கல்லிடைக்குறிச்சிப் பெண். அவளைப் போனில் பிடித்தேன்.

"சொல்லுங்கோ, செய்யறேன்" என்றாள்.

சிரிஞ்சில் தண்ணீர் எடுத்து நெற்றியில் ஊற்றியபடியே, தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் என்று நான் சொன்னதைப் பிசகாமல் சொன்னாள். முடித்த கையோடு நெல்லையப்பர் கோயில் அம்மனையும் கூப்பிட்டு, "தாயே காந்திமதி, கொழந்தையக் காப்பாத்தும்மா" என்றும் சேர்த்துவிட்டாள்.

என் போனில் காதை வைத்திருந்த கிங்ஸ்லியின் அம்மா பிலோமினா நெஞ்சில் அடித்துக்கொண்டாள். "எல்லாத்தையும் கெடுத்திட்டீரே, உபதேசியாரே!"

பிள்ளை பிழைத்துக்கொண்டது. நான்தான் பிழைக்கவில்லை. பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்த பிறகும் பிலோமினா தெருவில் மறித்துக் கேட்டாள். "எம் பேத்தி கிறிஸ்தவளா, இல்லையா? சொல்லும்." எனக்கும் நிச்சயமாகத் தெரியவில்லை. கடைசியில் அவளையும் கூட்டிக்கொண்டு சாமியாரிடம் போனேன்.

"தண்ணி ஊத்தும்போது வார்த்தைய முழுசாச் சொன்னாளா?"

"சொன்னா, சாமி."

"காந்திமதி அதுக்குப் பொறவுதான?"

"ஆமா, சாமி."

சாமியார் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப செல்லும் வே! பொறவு சொன்னது அந்த நர்ஸ் பிள்ள செஞ்ச செபம். இனிமே நான் தண்ணி ஊத்துனாத்தான் தப்பு. ஞானஸ்நானம் ஒருக்காத்தான். எண்ணெயும் மெழுகுதிரியும்தான் எனக்குப் பாக்கி."

அப்பாடா என்றிருந்தது. பிலோமினா அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

மீதிச் சடங்குக்குப் பாலாம்பாளை வரவழைத்ததும் பிலோமினாதான். எங்கள் பங்குக் கோயிலில் முன்வரிசையில் உட்காரவைத்து, எண்ணெய் மணக்கும் பேத்தியை அவள் மடியில் போட்டாள்.

"ஏம்மா, அன்னைக்கு அந்தத் தாய்கிட்ட நீதான கேட்ட? பிள்ள நல்லா இருக்குன்னு நீயே போய்ச் சொல்லிரு. கேட்டு வாங்கிட்டுச் சொல்லாம இருந்தா நல்லாவா இருக்கும்?"