பத்து நாற்பத்திரண்டு டீ

ஆகாயத்தில் வெயிலைப் பிடித்து, அதைக் கண்ணுக்குத் தெரியாத அலையாக்கிக் கீழே அனுப்பி, மைதானம் முழுக்க விரித்த கம்பி வலையில் வாங்கி மின்சாரமாக்குவது. சொல்லும்போது சுலபமாகத்தான் இருக்கிறது. பத்தொன்பது வருஷமாக அதையே கட்டிக்கொண்டு அழுத பொறியாளருக்கு அலுவலகத்தில் ‘வெயிலம்மா’ என்று பெயர் விழுந்துவிட்டது. முதலில் முதுகுக்குப் பின்னால் சொன்னார்கள், பிறகு கூச்சம் விட்டுப்போய் முகத்துக்கு நேராகவே கூப்பிட்டார்கள். அவளும் கோபித்துக்கொள்ளவில்லை. இத்தனை வருஷத்தில் பெயராவது கிடைத்ததே என்று இருந்துவிட்டாள்.

அன்றைக்கு நிதிக்குழுத் தலைவர் வருகிறார். மேடையில் ஒரு பல்ப், பக்கத்தில் ஒரு பொத்தான். அவர் அழுத்தி பல்ப் எரிந்தால் இன்னும் ஐந்து வருஷத்துக்குத் திட்டம் உண்டு. எரியாவிட்டால் வலையைச் சுருட்டிவிட்டு மைதானத்தைக் கிடங்கு கட்டக் கொடுத்துவிடுவார்கள். நடுவில் வேறு பேச்சே கிடையாது.

இதில் ஒரு சிக்கல். செயற்கைக்கோள் காலை பத்து நாற்பத்திரண்டுக்குத் தலைக்கு மேல் வரும், பத்து ஐம்பதுக்குப் போய்விடும். எட்டே நிமிஷம். அதை விட்டால் மறுநாள் அதே நேரம்தான். யார் வந்திருக்கிறார்கள், யார் இன்னும் வரவில்லை என்றெல்லாம் அது பார்க்காது.

இன்னொரு சின்ன விஷயமும் இருந்தது. வலையில் விழுகிற மின்சாரம் எங்காவது போயாக வேண்டும், சும்மா நின்றால் கருவிகள் சூடாகிக் கெட்டுவிடும். பொத்தானை அழுத்தும்வரை அதைக் குடிப்பதற்கு ஏதாவது ஒன்றைக் கோக்க வேண்டும். எலெக்ட்ரீஷியன் யோசித்தான். சட்டைப் பையில் எப்போதும் டெஸ்டர் செருகியிருப்பதால் அவனுக்கு டெஸ்டர் என்றே பெயர்.

“கேன்டீன் பாய்லரைக் கோத்துடலாம் மேடம். லோடுக்கு லோடும் ஆச்சு, விருந்தாளிக்கு டீயும் ஆச்சு.”

கேன்டீன் அக்காதான் முறைத்தாள். “என் பாய்லருக்கு ஏதாவது ஆச்சு, உன்னைத்தான் அடுப்புல வைப்பேன்.”

வெயிலம்மா சரி என்றாள். பாய்லரின் ஒயர் சுவரை விட்டுக் கழன்று, ஜன்னல் வழியாக மைதானத்துக்குப் போனது.

இதற்கு நடுவே மேடைக்குப் பின்னால் தார்ப்பாய் போட்டு மூடிய ஒன்றைக் கண்டு அவளுக்குப் பகீரென்றது. ஜெனரேட்டர்.

“இது எதுக்கு சார்?” என்று நிலையத்தின் இயக்குநரிடம் கேட்டாள்.

“சும்மா ஒரு பாதுகாப்புக்கும்மா. குடை எடுத்துட்டுப் போனா மழை வராது பாருங்க, அந்த மாதிரி.”

“ஸ்டார்ட் பண்ணக் கூடாது சார். வாக்கு கொடுங்க.”

“சேச்சே, என்னைப் பத்தி என்ன நினைச்சீங்க?” என்றார். கொடுத்த மாதிரியும் இருந்தது, கொடுக்காத மாதிரியும் இருந்தது.

குழுத்தலைவர் பத்து முப்பத்தாறுக்கே வந்துவிட்டார். இப்படி ஒரு அதிசயத்தை வெயிலம்மா தன் வேலையில் பார்த்ததில்லை. பெரிய மனிதர் ஒருவர் நேரத்துக்கு வந்திருக்கிறார்! அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வராத குறை. ஓடிப்போய் இயக்குநர் காதில் சொன்னாள், “சார், முதல்ல பொத்தானை அழுத்திடட்டும். பேச்செல்லாம் அப்புறம் வச்சுக்கலாம்.”

“வரவேற்காம எப்படிம்மா அழுத்தச் சொல்றது? ஒரு முறை இருக்கில்ல?” என்று சொல்லிவிட்டு அவர் ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டார் என்று சும்மாவா சொன்னார்கள்? இயக்குநர் சூரியன் பிறந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். பத்து நாற்பத்திரண்டுக்கு வெயிலம்மாவின் கையிலிருந்த மீட்டரில் முள் துள்ளியது. வந்துவிட்டது. பத்தொன்பது வருஷம் காத்திருந்தது தலைக்கு மேல் வந்து கொட்டுகிறது. மேடையில் இயக்குநர் அப்போதுதான் ஆதிமனிதனை நெருப்பு மூட்ட வைத்துக்கொண்டிருந்தார். நாற்பத்தைந்துக்குச் சக்கரம் கண்டுபிடித்தார்கள். நாற்பத்தெட்டுக்கு நீராவி வந்தது. அவள் கையைக் காட்டினாள், கடிகாரத்தைக் காட்டினாள், கடைசியில் இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள். தன் பேச்சை மெச்சுகிறாள் என்று நினைத்து இயக்குநரும் பதிலுக்குக் கும்பிட்டார்.

பத்து ஐம்பதுக்கு முள் படுத்துவிட்டது. வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதைதான். அவளுக்கு ஓவென்று அழ வேண்டும்போல் இருந்தது.

பதினொன்று பத்துக்கு இயக்குநர் பேச்சை முடித்துக்கொண்டு மேடைக்குப் பின்னால் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார். இசையைச் சத்தமாக வைத்தார்கள். அந்தச் சத்தத்தில் ஜெனரேட்டர் உறுமியது யார் காதிலும் விழவில்லை. தார்ப்பாய்க்குப் பக்கத்தில் டெஸ்டர் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். குழுத்தலைவர் பொத்தானை அழுத்தினார். பல்ப் பளிச்சென்று எரிந்தது, கைதட்டல் கூரையைப் பிளந்தது.

“எனக்குச் சந்தேகம் இருந்தது. இப்போ என் கண்ணாலேயே பார்த்துட்டேன்” என்றார் குழுத்தலைவர்.

கண்ணால் காண்பதும் பொய் என்று படித்த மனிதர்தான் அவரும். படித்ததெல்லாம் மேடையில் நினைவுக்கு வருமா என்ன?

வெயிலம்மா கேன்டீனுக்குப் போனாள். அக்கா பாய்லரின் முன்னால் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தாள்.

“ஏம்மா, பத்தேமுக்கால்லேருந்து இது தளதளன்னு கொதிச்சுது. டீயெல்லாம் போட்டு முடிச்சிட்டேன். ஆனா ஒயர் சுவத்துல இல்ல, வெளியே வெறும் கம்பி வலையிலதானே மாட்டியிருக்கு. அப்புறம் எப்படிக் கொதிச்சுது?”

பத்தொன்பது வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி அது. விழாவுக்கு வந்த நூறு பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. வெயிலம்மா ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு நேரே குழுத்தலைவரிடம் போனாள். திட்டம் போனால் போகட்டும் என்று ஒரு வைராக்கியம் வந்திருந்தது.

“சார், பல்ப் எரிஞ்சது ஜெனரேட்டர்ல. வானத்திலேருந்து நிஜமாவே கரண்ட் வந்தது. ஆனா அது போட்டது இந்த டீயைத்தான்.”

இயக்குநரின் முகம் வெளுத்தது. குழுத்தலைவர் கோப்பையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“ஏம்மா, ஆகாசத்திலேருந்து கரண்டை இறக்கி யாராவது டீ போடுவாங்களா?”

“நாளைக்குப் பத்து நாற்பத்திரண்டுக்கு வாங்க சார். கண்ணு முன்னாடி காட்டறேன்.”

“நாளைக்கு எனக்கு வேற ஒரு திறப்பு விழா இருக்கு. பல்பைத்தான் பார்த்துட்டேனேம்மா, அது போதும்” என்றவர் இயக்குநரைப் பார்த்து, “இவ்வளவு அடக்கமான விஞ்ஞானியை நான் பார்த்ததில்லை. நகைச்சுவையும் இருக்கு” என்றார்.

அங்கேயே கையெழுத்துப் போட்டார். ஐந்து வருஷம். டீயை மட்டும் தொடவில்லை, சர்க்கரை வியாதியாம். கோப்பை மேஜையிலேயே ஆறிப்போனது.

பொய் சொல்லியிருந்தால் மனசு உறுத்தியிருக்கும். உண்மையைச் சொன்ன பிறகும் ஏன் இப்படி உறுத்துகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. கையெழுத்தைப் பார்த்ததும் சந்தோஷப்பட்டாள் என்பதும் நிஜம். அந்தச் சந்தோஷத்தை நினைத்தால்தான் வெட்கமாக இருந்தது.

இரண்டு மாதத்தில் எழுத்துபூர்வமான உத்தரவு வந்தது. ‘பார்வையாளர்களுக்கு அவர்கள் வசதிப்படும் நேரத்தில், முன்பு செய்து காட்டிய அதே முறையில், எந்த மாற்றமுமின்றிச் செய்து காட்டப்பட வேண்டும்.’ அத்தியாவசியப் பொருட்களின் பட்டியலில் முதலாவதாக டீசல் இருந்தது. பல்பைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, ‘வானத்து மின்சாரத்தில் எரிந்த முதல் விளக்கு’ என்று எழுதிக் கூடத்தில் மாட்டினார்கள். பாய்லரின் ஒயரை மட்டும் யாரும் கழற்றவில்லை. அது மைதானத்தோடு கோத்திருப்பது வெயிலம்மாவையும் அக்காவையும் தவிர வேறு யாருக்கும் நினைவில் இல்லை.

ஒருநாள் காலை, வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. பத்து நாற்பத்திரண்டுக்குப் பாய்லர் முனக ஆரம்பித்தது. மழையும் மேகமும் அந்த அலைக்கு ஒரு பொருட்டே இல்லை. அக்கா இரண்டு டம்ளரில் டீ ஊற்றி, ஒன்றை வெயிலம்மாவிடம் நீட்டினாள்.

“அப்போ அந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள என் பாய்லர் இல்ல இருந்திருக்கணும்?”

“இருந்திருக்கணும்க்கா.”

அந்த நேரம் பார்த்துக் கூடத்துப் பக்கமிருந்து இசை சத்தமாகக் கிளம்பியது. அடியில் ஜெனரேட்டரின் உறுமல். யாரோ வெளிநாட்டுப் பார்வையாளர்களாம், சீக்கிரமே வந்துவிட்டார்களாம்.

அக்கா காதைக் கொடுத்துக் கேட்டாள். “ஆரம்பிச்சிட்டாங்க. வானத்திலேருந்து கரண்ட் வருது.”

வெயிலம்மாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்து முடித்தபோது கண் கலங்கியிருந்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, ஆறுவதற்குள் டீயைக் குடித்தாள்.