கண்டெடுத்தவர் பெயர்

திறப்பு விழாவுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. எங்கள் ஊர் அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை பார்க்கும் டெல்மா, டிப்ரோடோடான் எலும்புக்கூட்டின் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். கங்காருவைப்போல வயிற்றில் பை, காண்டாமிருகம் அளவு உடம்பு. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பூண்டோடு அழிந்துபோன இனம்.

கீழே புதுப் பித்தளைத் தகடு. ‘கண்டெடுத்தவர்: பண்ணை உரிமையாளர் மரே பிரென்டிஸ்.’ டெல்மாவின் கை அப்படியே நின்றுவிட்டது.

“காலீன், இது தப்பு. ஓடை வத்தினப்போ மாடு தேடிப் போய் இதைப் பாத்தது எங்கப்பா. தோண்டி எடுத்ததும் அவர்தான். பண்ணைக்காரர் குதிரைய விட்டே எறங்கல.”

பொறுப்பாளர் காலீன் நாற்காலிகளை நகர்த்திக்கொண்டே சொன்னாள்: “ரெண்டு வருஷம் முன்னாடி உங்க வீட்டுக்கே வந்து கேட்டேனே! எல்லாரும் தரையப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு எழுதிக்கிட்டேன்.”

“அப்பாவப் பொதைச்சு ஒரு வாரம்கூட ஆகல. செத்தவங்க பேரைச் சொல்ல மாட்டோம், அவங்களப் பத்திப் பேசவும் மாட்டோம். குடும்பம் கூடி, இனி சொல்லலாம்னு முடிவு பண்ணணும். அது போன வாரம்தான் நடந்துச்சு.”

டெல்மாவின் பழங்குடி மக்களுக்கு இப்படி ஒரு வழக்கம் உண்டென்று தெரியாதவர் எங்கள் ஊரில் கிடையாது. காலீனுக்கு அன்று அவசரம், அவ்வளவுதான்.

“இப்ப ஒண்ணும் பண்ண முடியாது டெல்மா. இந்தக் கண்ணாடிப் பெட்டியே பிரென்டிஸ் குடும்பம் குடுத்தது. அடுத்த வருஷம் பாக்கலாம்.”

விழாவில் மரேயின் மகன் கிரெக் மைக்கைப் பிடித்தான். “எங்கப்பா ஒத்த ஆளா நின்னு தோண்டி எடுத்தாரு!” கைதட்டல் அடங்கியதும் கண்ணாடியில் இருந்த விரல் தடத்தைக் காட்டினான். “டெல்மா, கொஞ்சம் துடைச்சு விடேன். பாவம், உள்ள இருக்கிற இவ குளிச்சு பல ஆயிரம் வருஷம் ஆச்சு!” எல்லோரும் சிரித்தார்கள்.

டெல்மா துணியைக் கீழே வைத்தாள். இரண்டு வருடமாக அடக்கி வைத்திருந்த பெயர் அப்போதுதான் அவள் வாயிலிருந்து வந்தது.

“ஏர்னி டூலன். இதைக் கண்டெடுத்தவர் ஏர்னி டூலன், எங்கப்பா. காலீன், உங்ககிட்ட ஒரு மணி நேரம் முன்னாடி சொன்னேன்ல? நீங்க சொல்லுங்க.”

காலீன் தரையைப் பார்த்தாள்.

“நீங்களும் தரையத்தான் பாக்குறீங்க. உங்களுக்கும் தெரியாதுன்னு எழுதிக்கட்டுமா?”

டெல்மா வெளியே போனாள், பிறகு வேலைக்கு வரவேயில்லை. தகடு இன்றும் அங்கேயேதான் இருக்கிறது.

வாய் திறக்காதவருக்கு ஒன்றும் தெரியாது என்று எழுதிக்கொள்வது திருட்டு. தெரிந்தும் வாய் திறக்காமல் இருப்பது அந்தத் திருட்டுக்குக் காவல் நிற்பது. ஏர்னி தோண்டியதைக் கண்ணால் பார்த்தவர்கள் அன்று அந்தக் கூட்டத்தில் நான்கு பேர் இருந்தோம். நானும் தரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.