தவசிக் கிழவனின் கதவு

பேட்டி எடுக்கப் போகிறவள் போனும் பேனாவும் கொண்டு போவாள். நர்கிஸ் மூன்றாம் நாள் தூக்குவாளியோடு போய்க்கொண்டிருந்தாள். வாளிக்குள் பந்தல்குடியில் லாரிக்காரர்கள் சாப்பிடும் கடையின் புரோட்டா இருந்தது. சால்னா தனியாக. அப்படித்தான் உத்தரவு.

உத்தரவு போட்டவர் சௌடையா. பெங்களூரில் முப்பது வருஷம் வீடியோ கேமுக்குக் கதை எழுதிவிட்டு அருப்புக்கோட்டைக்குத் திரும்பியவர். அவர் எழுதியதெல்லாம் ஊர் ஊராகச் சுற்றும் கேம். ஆடுகிறவர் வீரனாகி ஒரு ஊருக்குள் போவார். எதிர்ப்படுகிறவர்கள் ஆடு தொலைந்துவிட்டது, உப்பு தீர்ந்துவிட்டது என்று ஏதாவது வேலை சொல்வார்கள். திரையில் வரும் பதில்களில் ஒன்றைத் தொட்டு, வேலையை முடித்தால் பரிசு.

அவருடைய ‘கானல் கோட்டை’யின் கடைசி ஊரில் ஒரு கல் கதவு உண்டு. அதில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் தவசிக் கிழவன் வேலைக்கு மேல் வேலை சொல்லிக்கொண்டே இருப்பான். பதினைந்து வருஷமாக உலகமே அவனுக்கு ஊழியம் செய்கிறது. கதவு மட்டும் ஒருவருக்கும் திறக்கவில்லை. அது எப்படித் திறக்கும் என்று கேட்டு வந்தால் வேலை உனக்குத்தான் என்று சென்னைப் பத்திரிகை ஒன்று நர்கிஸிடம் சொல்லியிருந்தது. கிடைக்காவிட்டால் அத்தாவின் பாத்திரக் கடையில் உட்கார வேண்டியதுதான்.

சௌடையா முதல் நாளே அன்பாகத்தான் ஆரம்பித்தார். “கேளு தாயி. அதுக்கு முன்னால பாலவனத்தத்துல ஒரு மூட்டை கொத்தமல்லி சொல்லி வச்சிருக்கேன். ஒன் ஸ்கூட்டிலதான் எடம் இருக்கே.” காசை முன்னாலேயே கொடுத்துவிட்டார், அந்த விஷயத்தில் யோக்கியர். மூட்டையைக் கொண்டுவந்து போட்டதும் ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்தது.

“வில்லன எப்படி சார் எழுதுறீங்க?”

“பந்திக்கு முந்துறவன் இருக்கான்ல, அவன் படைக்கும் முந்திட்டான்னா அவந்தான் வில்லன்.”

அடுத்த கேள்விக்குக் கருப்பட்டி. அதற்கடுத்ததற்குத் தண்ணீர் லாரி வரும்வரை தெருவில் குடத்தோடு நின்றாள். மனுஷர் மட்டும் உள்ளறைக் கதவை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் சேரைவிட்டு அசையவே இல்லை.

இன்று புரோட்டா தீர்ந்தபின் நர்கிஸ் கடைசிக் கேள்வியைக் கேட்டாள். “அந்தக் கல் கதவு எப்படி சார் தொறக்கும்?”

சௌடையா கையைத் துடைத்துக்கொண்டார். “சொல்லாம எங்க போகப்போறேன். மாடியில டேங்கு பாசி புடிச்சுக் கெடக்கு. சித்த கழுவி விட்டுட்டு வந்துரு.”

விளக்குமாற்றைக் கையில் எடுத்த பிறகுதான் நர்கிஸுக்கு உறைத்தது. மூன்று நாளாக அவள் எடுத்தது பேட்டி இல்லை, ஆடியது கேம். எதிரே உட்கார்ந்திருப்பது தவசி. கிழவன் வேலை சொன்னால் திரையில் நான்கு பதில் வரும்: சரி, இப்பவே போறேன், பாக்குறேன், முடியாது. அவள் நான்காவதை ஒருநாளும் தொட்டதில்லை. இந்தப் பக்கத்தில் பெரியவர்களிடம் யாரும் முடியாது என்று சொல்வதில்லை. பாக்குறேன் என்பார்கள், அதற்கப்புறம் ஆளைப் பார்க்க முடியாது. வெளிநாட்டில் சொல்லிப் பார்த்தவர்களையும் கிழவன் பரம்பரையோடு திட்டிப் பரிசைப் பிடுங்கிக்கொண்டதில், மறுபடி சொல்ல எவருக்கும் துணிச்சல் வரவில்லை.

நர்கிஸ் நான்காவதைத் தொட்டாள். “முடியாது சார்.”

“என்ன புள்ள வளத்திருக்காக. அப்ப பதிலும் கெடையாது, போ.”

பாத்திரக் கடை கண்முன் வந்து போனது. “முடியாது சார்.”

“முட்டி வலிக்குது தாயி. வயசான மனுசன் ஏணி ஏறலாமா?”

“முடியாது.”

சௌடையா அவளை உற்றுப் பார்த்தார். பிறகு, முட்டி வலிக்கிற அடையாளமே இல்லாமல் எழுந்து, அவள் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினார். அவர் எழுந்ததும் சேர் நகர்ந்தது. சேர் நகர்ந்ததும் பின்னால் இருந்த உள்ளறைக் கதவு தானாகத் திறந்துகொண்டது. அதற்குப் பூட்டுமில்லை, தாழ்ப்பாளுமில்லை.

“கெழவன் முதுகுதானா சார்?” என்றாள் நர்கிஸ். “அவன் எந்திரிச்சா தொறந்துக்கிருமா?”

“அவன் வேலைய அவன் பாக்கப் போனா தொறந்துக்கிரும்.”

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். அறை நிறைய மல்லி மூட்டை. ஓலைப்பெட்டி ஓலைப்பெட்டியாகக் கருப்பட்டி. அடுப்பே பற்றவைக்காத வீட்டில் ஒரு கல்யாணத்துக்குக் காணும் சரக்கு.

“எனக்கு முன்னால எத்தன பேரு சார் பேட்டிக்கு வந்தாக?”

“மூட்டைய எண்ணிக்கோ.”

நர்கிஸ் சிரித்துவிட்டாள். வாய்விட்டு, தெருவுக்குக் கேட்கும்படி. வேலை கிடைத்துவிட்ட சந்தோஷம் அது.

சௌடையாவின் குரல் இறங்கியது. “எழுதிராத தாயி. வெளிய தெரிஞ்சா இனிமே எவன் எனக்குப் பந்தல்குடி போயி புரோட்டா வாங்கியாருவான்?”

நர்கிஸ் தூக்குவாளியை எடுத்துக்கொண்டாள். முகத்தை மிக மரியாதையாக வைத்துக்கொண்டாள்.

“பாக்குறேன் சார்.”

சௌடையாவும் அருப்புக்கோட்டைக்காரர்தான். அதற்குமேல் அவர் ஒன்றும் கேட்கவில்லை, விளக்குமாற்றோடு மாடிக்கு ஏறினார்.