சுக்கினிக்கு எதிர்ச்சீர்

ஆகஸ்ட் மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மினசோட்டா ஊரில் எல்லோரும் காரைப் பூட்டத் தொடங்கிவிடுவார்கள். திருட்டுப் பயம் கிடையாது. பூட்டாமல் விட்டால் யாராவது பின்சீட்டில் ஒரு பை சுக்கினியை வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். வெள்ளரிக்குத் தூரத்துச் சொந்தம் போலிருக்கும் அந்தக் காய், காலையில் விரலளவு இருந்தால் மறுநாள் முழங்கையளவு நிற்கும். பயிர் போட்டவர்களாலும் தின்று தீர்க்க முடியாது; குப்பையில் எறியவும் மனசு வராது. யார் தலையிலாவது கட்டித்தான் ஆகவேண்டும்.

இதெல்லாம் மினோரிக்குத் தெரியாது. ஜப்பானில் கனசாவா என்ற ஊரிலிருந்து எங்கள் கல்லூரிக்கு மண்ணியல் படிக்க வந்தவள். அவளும் நானும் சேர்ந்து ஒரு சின்ன வீட்டை வாடகைக்கு எடுத்திருந்தோம். நான் ஏரிக்கரை விடுதியில் கோடை வேலையில் இருந்தபோதே அவள் வந்து குடியேறிவிட்டாள். கல்லூரி திறக்கும் சமயத்தில் நான் பெட்டியோடு உள்ளே நுழைந்தால், மேசைமேல் சுக்கினி, ஜன்னல் திட்டில் சுக்கினி, குளியல் தொட்டி நிறைய சுக்கினி. நடுவில் மினோரி மண்டியிட்டு உட்கார்ந்து, தன் குடையை வண்ணத்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"என்ன இது?" என்றேன்.

"கொலீன், நல்லவேளை வந்தீங்க. குடுக்கறதுக்கு எங்கிட்ட இனிமே ஒண்ணுமே இல்ல. இந்தக் குடைதான் பாக்கி."

பிறகுதான் விஷயம் வந்தது. அவள் வந்த இரண்டாம் நாள், பக்கத்து வீட்டு லாய்ட் எங்ஸ்ட்ரோம், தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், ஒரு ஜோடி சுக்கினியோடு வந்திருக்கிறார். அவள் ஊரில் ஒருவர் ஒன்று கொடுத்தால் சும்மா இருக்கக்கூடாது. மறுநாளே அரிசி வறுவல் ஒரு டப்பா கொண்டுபோய்க் கொடுத்தாள். அதற்கு மறுநாள் அவர் கை கொள்ளாமல் சுக்கினி தூக்கி வந்தார். இவள் தேயிலை கொடுத்தாள். அவர் பை நிறையக் கொண்டுவந்தார். பூப்போட்ட துண்டு, கை விசிறி, அம்மா கட்டிக்கொடுத்த உப்பு ஊறுகாய்ப் பழம் எல்லாம் ஒவ்வொன்றாக வேலி தாண்டிப் போய்விட்டன.

"ரொம்ப நல்ல மனுஷர். ஆனா நிறுத்தவே மாட்டேங்கறார்" என்றாள் பரிதாபமாக.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். சிரித்துக்கொண்டே ஊர் வழக்கத்தைச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிவிட்டது.

"அப்படின்னா, வேண்டாத பொருளையா எனக்குக் குடுத்தாங்க?"

என் சிரிப்பு நின்றுபோனது. அவளைக் கையோடு பக்கத்து வீட்டுக்கு அழைத்துப் போனேன்.

கதவைத் திறந்தது லாய்டின் மனைவி ஆர்டிஸ். மினோரியின் கையில் இருந்த பொட்டலத்தைப் பார்த்ததும் அவருக்கு முகம் வெளிறிவிட்டது.

"ஐயோ, இன்னிக்கும் கொண்டுவந்துட்டியா? அம்மாடி, நாங்களும் எவ்வளவுதான் திருப்பிக் குடுக்கறது? அவ்வளவு அழகான துண்டு குடுத்த பொண்ணு வீட்டுக்கு வெறுங்கையோட போகாதீங்கன்னு இவர்கிட்ட நான்தான் சொன்னேன். எங்க தோட்டத்துல இது ஒண்ணுதான் காய்ச்சுத் தொலைக்குது!"

சுவரில் அந்த விசிறி. துண்டு உபயோகிக்க மனசில்லாமல் பியானோமேல் விரித்திருந்தது.

உள்ளேயிருந்து லாய்ட் குரல் கொடுத்தார். "எல்லாம் சரிம்மா, அந்தப் பழத்தை ஜாம்னு நெனச்சு ரொட்டியில தடவிட்டேன். கண்ணு ரெண்டும் வெளிய வந்து எட்டிப் பாத்துட்டுப் போச்சு!"

மினோரி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று பயந்தேன், சிரிப்புதான். அன்றே சமாதானம் ஆயிற்று. குடை வீட்டுக்குத் திரும்பியது.

குளியல் தொட்டி மட்டும் காலியாகவில்லை. "ஊர் வழக்கப்படியே செஞ்சிரலாம்" என்றேன். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் தேவாலயத்தில் இருக்கும்போது ஒவ்வொரு வாசலிலும் வைத்துவிட்டு ஓடிவந்துவிட வேண்டும். யார் வைத்ததென்று தெரியக்கூடாது, அவ்வளவுதான்.

"காயை அப்படியேவா போடறது? மரியாதையா இருக்காது" என்று மினோரி ஒவ்வொன்றையும் தாளில் சுற்றி, சணலில் பூப்போல முடிச்சும் போட்டாள். போகட்டும் என்று விட்டேன். உள்ளே சீட்டு வைத்தது எனக்குத் தெரியாது. 'சுவையில்லாத அற்பப் பொருள். பொறுத்து ஏற்றுக்கொள்ளவும். மேப்பிள் தெரு, மினோரி குவாஹாரா.'

மதியம் சாப்பிட்டு எழுவதற்குள் கதவு தட்டப்பட்டது. சோளக்கதிர், வீட்டில் சுட்ட ஆப்பிள் பை, ஜாம் என்று தெருவே வரிசையாக வந்தது. பேக்கரிக்கார வெர்னா அவளைக் கட்டிக்கொண்டார்.

"சுவையில்லாததுன்னு எழுதியிருந்தியே, தங்கமான பொண்ணும்மா நீ. இத்தனை வருஷத்துல இந்த உண்மையை யாரும் ஒத்துக்கிட்டதில்ல!"

ஜப்பானில் பரிசு கொடுக்கும்போது அப்படித்தான் சொல்வார்கள் என்று அவள் விளக்கப் பார்த்தாள். யார் கேட்டார்கள்? எல்லோரும் சிரித்தபடி எங்கள் புல்வெளியிலேயே நின்றுவிட்டார்கள்.

மினோரி என்னைச் சமையலறைக்கு இழுத்தாள். "இவங்க எல்லாருக்கும் நான் என்ன திருப்பிக் குடுப்பேன்?"

"எதுவும் வேண்டாம்டி, விடு."

அவள் ஜன்னல் வழியே பக்கத்துத் தோட்டத்தைப் பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று வெளியே போய், வேலியைப் பிடித்துக்கொண்டு அவள் ஊர் மரியாதையில் கூப்பிட்டாள்.

"லாய்ட்-சான்! சுக்கினி இருக்கா?"

எங்கள் ஊரில் அதுவரை யாரும் அந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. லாய்ட் வீட்டுப் பக்கம் திரும்பிக் கத்தினார்.

"ஆர்டிஸ்! ஓடி வா! கேட்டு வாங்கறா!"

தள்ளுவண்டியில் சுக்கினி வந்து இறங்கியது. மினோரி வட்டவட்டமாக நறுக்கி, ஐஸ் தண்ணீரில் கரைத்த மாவில் முக்கி, கொதிக்கும் எண்ணெயில் போட்டாள். எங்கள் ஊரில் மாவில் முக்கிப் பொரிப்பது போலத் தடிமனாக இருக்காது. காகிதம் போல மெல்லிய, மொறுமொறுப்பான தோல். முதல் துண்டை வெர்னா சந்தேகத்தோடுதான் கடித்தார். அடுத்ததற்குத் தட்டோடு வந்து நின்றார். அவர் பின்னால் வரிசை நீண்டது. லாய்ட் அடுப்புப் பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்காலம் ஆர்டிஸ் தட்டை நீட்டி, "இன்னும் ரெண்டு கிடைக்குமா?" என்றார். மினோரி காலிக் கூடையைக் காட்டினாள். லாய்ட் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து தோட்டத்துக்குப் போனார். பெரிய இலைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி, குனிந்து குனிந்து தேடினார். பிஞ்சுகூட இல்லை.