அக்கா கொடுத்த பொடி

ஞாயிற்றுக்கிழமையானால் தனலெட்சுமி ஜெஞ்சாரோமிலிருந்து காரைக் கிளப்பிக்கொண்டு கிள்ளானுக்கு வந்துவிடுவாள். தம்பி வீட்டில் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டுப் போனால் தம்பி மனைவி வாணிக்கு ஒன்றுமில்லை. வந்ததும் வாணியின் மகன் ரிஷியைப் பிடித்து முழங்கை மடிப்பை விரித்துப் பார்ப்பாள். "என்ன வாணி, பிள்ளைய இப்படி சொறிய விட்டு வச்சிருக்க" என்பாள். ஆறு வயதுப் பிள்ளைக்கு எக்ஸிமா என்ற தோல் அரிப்பு வந்ததே தாய்க்காரி வீட்டைக் கூட்டாததால்தான் என்பதுபோல இருக்கும் அந்தப் பேச்சு. வாணிக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன மாதம் ஒரு பெட்டி ப்ரோபயோட்டிக் பொடியோடு வந்தாள். அவளே விற்கிற பொடி.

"எல்லாம் வயித்துல நல்ல கிருமி கொறஞ்சதால வர்றது லா. காலைல மைலோவுல கலந்து குடு. அந்த கிளினிக் கிரீம முதல்ல நிறுத்து. ஸ்டீராய்டு அது, தோலு காகிதமா போயிடும்."

வாணியின் கணவன் கமலநாதனுக்கு அக்காள் சொன்னால் வேதவாக்கு. பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினான்.

வாணி பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தாள். உள்ளே இருப்பது உயிருள்ள கிருமி, சூடான பானத்தில் கலக்கக் கூடாது என்று மலாயில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஊருக்கெல்லாம் விற்கிறவள் அதைக்கூடப் படிக்கவில்லை. சொல்லியிருக்கலாம். சொல்வாளா? மறுநாளிலிருந்து கொதிக்கக் கொதிக்க மைலோவைக் கலக்கி அந்தப் பொடியை அதில் கொட்டினாள். சாகட்டும், மொத்தமும் சாகட்டும் என்று அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். பிள்ளையைக் குளிக்க வைத்து, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, டாக்டர் சொன்ன நாளுக்குச் சொன்ன அளவில் கிரீமைத் தடவினாள்.

தோல் ஆறிவிட்டது. ஆறினால் பேர் யாருக்குப் போகும் என்று மட்டும் அவள் யோசிக்கவில்லை.

இந்த ஞாயிறு தனலெட்சுமி பிள்ளையை ஜன்னலோரம் இழுத்து நிறுத்தி வீடியோ கால் போட்டாள். தெலுக் பங்லிமா காராங்கில் இருக்கும் மலர் என்ற பெண், கைக்குழந்தைக்காரி, புதிதாகப் பொடி வாங்குகிறவள். "நல்லா பாரு மலர். என் தம்பி மகன். ஒரு பொட்டு இருக்கா?"

"அப்ப கிரீம நிறுத்திடவா அக்கா? பாப்பாவுக்கு கன்னமெல்லாம் தண்ணியா வடியுது."

"இன்னைக்கே நிறுத்து."

கமலநாதன் பெருமையாகச் சிரித்துக்கொண்டு நின்றான். வாயைத் திறந்தால் ஒரு மாதப் பொய்யும் வெளியே வந்துவிடும் என்று வாணிக்குத் தெரியும். போனைப் பிடுங்கினாள்.

"நிறுத்தாத மலர். நான் ஒரு நாளும் நிறுத்தல. இவனுக்கு ஆறுனது கிரீமுல. இந்தப் பொடிய கொதிக்கிற மைலோவுல போட்டு சாவடிச்சுத்தான் குடுத்தேன். சூட்டுல கலக்கக் கூடாதுன்னு பொட்டலத்துலயே இருக்கு."

கமலநாதனின் சிரிப்பு அப்படியே நின்றது. தனலெட்சுமிதான் முதலில் பேசினாள், குரலை உயர்த்தாமல்.

"தெரிஞ்சேதான் கலந்தியா?"

"தெரிஞ்சேதான்."

"முத நாளே அத சொல்லியிருந்தா, மத்தவங்களுக்கு நான் மைலோவுல கலக்கச் சொல்லியிருக்க மாட்டேன். ரெண்டும் சேந்து குடுத்திருந்தா இன்னும் சீக்கிரம் ஆறியிருக்குமோ என்னவோ, அதுவும் இப்ப தெரியாது. என்மேல உள்ள ஆத்திரத்த பிள்ள வாயில ஊத்தியிருக்க."

வாணி கையிலிருந்த போனைப் பார்த்தாள். மலர் இன்னும் இணைப்பைத் துண்டிக்கவில்லை. தோளில் கிடந்த குழந்தை கன்னத்தை அவள் சட்டையில் இப்படியும் அப்படியுமாகத் தேய்த்துக்கொண்டே இருந்தது. துணியில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.