பூனை தயிர் வாங்கப் போன ஷூட்டிங்

செஞ்சி வட்டாரத்தில் விமல்ராஜ் கேமரா தூக்காத காதுகுத்து கிடையாது. கல்யாணத்தில் தாலி கட்டப்போகும் மாப்பிள்ளையின் கையை அந்தரத்திலேயே நிறுத்தி, அப்படியே இருங்க என்பார். நல்ல நேரம் போகிறதே என்று புரோகிதர் பதறினாலும் சரி, இவர் ஓகே சொன்னால்தான் முடிச்சு விழும். அப்பேர்ப்பட்டவரிடம் போய், வீட்டில் தினமும் பிள்ளைக்குக் கதை வாசித்துக் காட்டுங்கள், முடிந்தால் ஒரு போட்டோ எடுத்து ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் போடுங்கள் என்று பிள்ளையின் டீச்சரம்மா சொல்லித் தொலைத்தார்.

அதுவரை வாசிப்பெல்லாம் அவர் மனைவி சுமலதாவின் பாடு. சாயங்காலம் உலை வைத்துவிட்டு, அடுப்படித் தரையிலேயே ஐந்து வயது ஜெயஸ்ரீயை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பூனை தயிர் வாங்கப் போன கதையை வாசிப்பாள். லேசில் நகராது. பூனைக்கு ஏன் செருப்பு இல்லை, தயிர்க்காரன் ஏன் முறைக்கிறான் என்று பிள்ளை குடைந்தெடுக்கும். பதில் வருவதற்குள் அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடும். ‘தயிர்’ என்ற சொல்லை அதுவாகவே கண்டுபிடித்து விரல் வைத்த அன்று சுமலதா அழுதேவிட்டாள். பத்தாவதோடு நிறுத்தப்பட்டவள் அவள். பிள்ளைக்குப் புத்தகம் என்றால் உயிராக இருக்க வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை.

விமல்ராஜ் சும்மா இருப்பாரா? அடுப்படியில் லைட்டிங் சரியில்லையாம். பின்னால் ராஜகிரிக் கோட்டை தெரிய வேண்டுமென்று மொட்டை மாடிக்கு ஏற்றினார். பிள்ளைக்குப் பட்டுப்பாவாடை, நெற்றிச்சுட்டி, தலை நிறைய மல்லிகை. தயிர் வாங்கப் போன ஒரு பூனைக்கு இவ்வளவு மரியாதை எந்த ஊரிலும் நடந்திருக்காது. சுமலதா வாசிக்க வாயைத் திறந்தால், சத்தம் வேண்டாம், மியூசிக் போட்டுக்கொள்ளலாம் என்றார். பிள்ளை கேள்வி கேட்டால், முகம் திரும்புகிறது என்று அதட்டினார். பக்கத்தைப் பாதி புரட்டி, சிரித்தபடி நிறுத்தச் சொன்னார். அதுதான் ஷாட்டாம். தினமும் இதே கூத்து.

குரூப்பில் கைதட்டல் பொம்மைகள் குவிந்தன. சிங்கவரத்து லூர்துமேரி, தன் மகனுக்கும் இதே மாதிரி ஒரு வாசிப்பு எடுத்துத் தரும்படி தேதியே கேட்டுவிட்டாள்.

விமல்ராஜ் ஒரு கல்யாணத்துக்காக மேல்மலையனூர் போன அன்று, சாயங்காலம் சுமலதா புத்தகத்தோடு அடுப்படியில் உட்கார்ந்தாள். ஜெயஸ்ரீ மடியில் ஏறவில்லை. எதிரே முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தாள். பூனை தயிர்க்கடை வரைக்கும் போய்விட்டது, ஒரு கேள்வி வரவில்லை. பிள்ளை பக்கத்தைத் தூக்கிப் பாதியில் நிறுத்தி, பல்லைக் காட்டியபடி வாசலைப் பார்த்தது.

“புரட்டு பாப்பா. பூனைக்கு இன்னா ஆச்சுன்னு பாக்கலாம்.”

“நைனா இன்னும் ஓகே சொல்லலியே” என்றது பிள்ளை, சிரிப்பைக் கலைக்காமல்.