நாற்பத்தோராவது பெயர்

இறந்துபோன அப்பாவின் காலில் கடல்நாய்த் தோல் காலணியை மாட்ட முடியாமல் பௌலினே திணறிக்கொண்டிருந்தாள். பாதம் வளைந்து கொடுக்கவில்லை.

"விடு புள்ள. உசுரோட இருந்தப்பவே தோபியாஸ் யார் பேச்சையும் கேட்டதில்ல." ஏலியாஸ் காலணியை வாங்கிக்கொண்டார். ஐம்பது வருஷம் அப்பாவோடு வேட்டைக்குப் போனவர்.

மேசையில் கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கிலுள்ள இடப்பெயர் அலுவலகத்தின் படிவம் கிடந்தது. சுற்றியுள்ள மலைகளின் பெயர்களை அப்பா சொல்லச் சொல்ல அவள் எழுதியது. நாற்பது சேர்ந்துவிட்டன. ஜன்னலுக்கு நேரே, குடாவின் எதிர்க்கரையில் நிற்கும் மலைக்கு மட்டும் கட்டம் காலி. கேட்டபோதெல்லாம் "அதுக்குப் பேரில்ல" என்றுவிட்டார். இன்று மதியம் ஹெலிகாப்டரில் தபால் போகிறது. தவறினால், டென்மார்க்காரர்கள் அந்த மலைக்கு வைத்த, இந்தப் பக்கமே வந்திராத ஒரு பிரபுவின் பெயர்தான் வரைபடத்தில் தொடர்ந்து நிற்கும்.

"மாமா, அந்த மலைக்கு அப்பா பேரையே எழுதிடவா?"

"அது கப்பல்ல வந்தவங்க பழக்கம். நாம அங்க என்ன நடந்துச்சோ அதத்தான் சொல்லுவோம். அதுக்குத்தான் பேரு இருக்கே?"

"இல்லைன்னாரே அப்பா!"

ஏலியாஸ் பிணத்தைப் பார்த்தார். "பொய்க்காரப் பயலே." பிறகு அவளிடம், "ஊருக்கே தெரியும். உங்க வீட்டுக்குள்ள மட்டும் யாரும் சொல்றதில்ல. 'அவன் ஆடின இடம்.'"

"எவன்?"

"இந்தா, படுத்திருக்கானே."

"அப்பாவா! கல்யாணத்துலகூட உட்கார்ந்த எடத்த விட்டு எழுந்திரிக்க மாட்டாரே."

"அதெல்லாம் அதுக்கப்புறம்." ஏலியாஸ் காலணியின் வாரை இறுக்கினார். "நீ பொறந்தப்ப அந்தக் கரையில மாட்டிக்கிட்டான். கடல் அப்பத்தான் உறைய ஆரம்பிச்சிருந்துச்சு. நடந்தா உடையும், படகு விட்டா நகராது. மூணு நாள் அங்கேயே நின்னான். காத்தே இல்ல, கத்தினா அக்கரை வரைக்கும் கேக்கும். இங்கேர்ந்து எல்லாரும் சேர்ந்து கத்தினோம், 'பொண்ணு! பொண்ணு!'ன்னு. பாறை மேல ஏறி ஆடினான் பாரு, அப்படி ஒரு ஆட்டம்..."

தான் பிறந்த அன்றே அம்மா இறந்துவிட்டாள் என்பது பௌலினேவுக்குத் தெரியும். ஜன்னலைப் பார்த்தாள்.

"அம்மா விஷயம்?"

"அத யாரு கத்துறது?"

ஏலியாஸ் இன்னொரு காலணியை எடுத்தார். தொலைவில் ஹெலிகாப்டர் சத்தம் கேட்டது.

பௌலினே பெயரை எழுதினாள். பக்கத்துக் கட்டம், பெயர்க் காரணம். 'பெண் பிறந்தது' என்று எழுதினாள். பேனா அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. பிறகு மூடியைப் போட்டுவிட்டு, படிவத்தை உறையிலிட்டு, ஓரத்தை நாக்கால் நனைத்து ஒட்டினாள்.